அந்த வசனம் எனக்கானதா, இல்லையா?

கேள்வி: ஐயா, என் கணவருக்குச் சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் நடக்கிறது. இந்த ஆண்டின் தொடக்கத்தில் எனக்கு வாக்குத்தத்தமாகக் கிடைத்த வசனம் எரேமியா 29:11, கர்த்தர் நம்மேல் வைத்திருக்கும் நினைவுகள் "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்பது. அதை ஒரு தாளில் எழுதிக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒட்டி, தினமும் சொல்லி ஜெபிக்கிறேன். சுகம் வரவில்லை. "வசனம் பொய்க்காது, உங்கள் விசுவாசத்தில்தான் எங்கோ குறை இருக்கிறது" என்கிறார் ஜெபக்குழுவில் ஒரு மூத்த சகோதரி. மாத்திரை போடுவதே அவிசுவாசம் என்று இன்னொருவர் சொன்னார். வேதாகமக் கல்லூரியில் படிக்கும் என் அக்கா மகனோ, "சித்தி, அது பாபிலோனில் இருந்த யூதர்களுக்கு எழுதினது, நமக்கு இல்லை" என்று சொல்லிவிட்டான். எனக்குத்தான் என்கிறார் ஒருவர், எனக்கு இல்லவே இல்லை என்கிறார் இன்னொருவர். இரண்டுமே வலிக்கிறது. அந்தத் தாளைக் கிழித்துவிடவா? ஒரு வசனத்தின் அர்த்தத்தை என்னைப் போன்ற சாதாரண ஆள் எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

வசனத்துக்கு வருமுன் அவசரமான ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையை ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள். டயாலிசிஸ் ஒரு முறைகூடத் தவற வேண்டாம். மருந்தை அவிசுவாசம் என்பவர்கள் எசேக்கியா ராஜாவின் கதையை (2 இராஜாக்கள் 20) வாசித்துப் பார்க்கட்டும். அவர் சாகும் தறுவாயில் இருந்தபோது, "உன்னைக் குணமாக்குவேன், உன் நாட்களோடே 15 வருஷம் கூட்டுவேன்" என்று கர்த்தரே ஏசாயா மூலமாக வாக்குக் கொடுத்தார். இதைவிடத் தெளிவான வாக்குத்தத்தம் யாருக்குக் கிடைக்கும்? அதைச் சொன்ன அதே ஏசாயா அடுத்ததாகச் செய்தது, அத்திப்பழ அடையைக் கொண்டுவரச் சொல்லி ராஜாவின் பிளவையின்மேல் பற்றுப்போடச் சொன்னதுதான். வாக்கும் மருந்தும் ஒரே தீர்க்கதரிசியின் வாயிலிருந்து வந்தன. பவுலின் உடன் ஊழியரான லூக்காவும் ஒரு வைத்தியர். அதனால் இந்த விஷயத்தில் மனதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

சரி, இப்போது எரேமியா 29:11.

உங்கள் அக்கா மகன் தவறாகச் சொல்லவில்லை. அந்த வசனம் முதலில் யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்பதைச் சரியாகவே சொன்னார். ஆனால் அங்கேயே நின்றுவிட்டார். அந்த மக்கள் அதை எப்படிக் கேட்டிருப்பார்கள், கேட்டுவிட்டு எப்படி வாழ்ந்தார்கள் என்று இன்னும் கொஞ்ச தூரம் உங்களைக் கூட்டிப்போயிருந்தால், உங்கள் கையிலிருந்து வசனம் பிடுங்கப்பட்டதுபோல் இருந்திருக்காது. நாம் அந்தத் தூரம் போய்ப் பார்ப்போம். இதற்குக் கிரேக்கமோ எபிரெயமோ தேவையில்லை. எரேமியா 27, 28, 29 ஆகிய மூன்று அதிகாரங்களையும் ஒரே மூச்சில் வாசித்தால் போதும்.

கி.மு. 597இல் நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பிடித்தான். 18 வயதில் பட்டத்துக்கு வந்து மூன்றே மாதம் ஆண்ட யோயாக்கீன் ராஜாவையும் (எரேமியா புத்தகத்தில் எகொனியா என்று வருபவர் இவர்தான்), அவருடைய தாயையும், பிரபுக்களையும், தச்சரையும் கொல்லரையும் பாபிலோனுக்குச் சிறைபிடித்துப் போனான். நகரம் அப்போது அழியவில்லை, ஆலயமும் நின்றுகொண்டுதான் இருந்தது. போனவர்களுக்கும் இருந்தவர்களுக்கும் மனதில் ஒரே கேள்வி: எப்போது திரும்புவார்கள்?

28ஆம் அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி ஆலயத்தில், எல்லார் முன்னிலையிலும், இரண்டே வருஷம் என்கிறான். இரண்டு வருஷத்துக்குள் ஆலயத்தின் பணிமுட்டுகள் திரும்பி வரும், எகொனியா ராஜாவும் சிறைப்பட்டுப்போன அத்தனை பேரும் திரும்பி வருவார்கள், இது கர்த்தரின் வார்த்தை என்று பெயரோடும் கெடுவோடும் சொல்கிறான். எதிரே எரேமியா, பாபிலோனுக்கு அடங்கியிருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாகக் கழுத்தில் மரநுகத்தோடு நிற்கிறார். அவர் சொல்லும் முதல் வார்த்தை "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்பதுதான். அந்த இடத்தில் கொஞ்சம் நின்று வாசியுங்கள். எரேமியாவுக்கும் அவர்கள் சீக்கிரம் திரும்பி வர வேண்டும் என்றுதான் ஆசை. ஆனால் தன் ஆசையையே கர்த்தரின் வாக்காக மாற்றிச் சொல்ல அவர் துணியவில்லை. அனனியா துணிந்தான். எரேமியாவின் கழுத்திலிருந்த நுகத்தைப் பிடுங்கி உடைத்தும் போட்டான். கூட்டத்தில் எத்தனை பேர் மகிழ்ந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அந்த வருஷத்திலேயே ஏழாம் மாதத்தில் அனனியா இறந்துபோனான் என்று அதிகாரம் முடிகிறது.

இதை அடுத்துத்தான் 29ஆம் அதிகாரம் வருகிறது. அது ஒரு கடிதம். சிதேக்கியா ராஜா பாபிலோனுக்கு அனுப்பிய எலெயாசா, கெமரியா என்ற இரண்டு பேரின் கையில் எரேமியா அதைக் கொடுத்தனுப்பினார். எழுதப்பட்டது அங்கிருந்த மூப்பர்களுக்கும் ஆசாரியர்களுக்கும் தீர்க்கதரிசிகளுக்கும் ஜனங்கள் எல்லாருக்கும். கடிதம் சொல்வது என்ன? வீடு கட்டிக் குடியிருங்கள். தோட்டம் போட்டு அதன் பலனைச் சாப்பிடுங்கள். கல்யாணம் பண்ணிப் பிள்ளைகளைப் பெறுங்கள், அந்தப் பிள்ளைகளுக்கும் கல்யாணம் பண்ணிவையுங்கள். உங்களைச் சிறைபிடித்துப்போன பட்டணத்தின் சமாதானத்துக்காகவே ஜெபம் பண்ணுங்கள். உங்கள் நடுவில் பொய்யாய்த் தீர்க்கதரிசனம் சொல்கிறவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். பாபிலோனுக்கு 70 வருஷம் நிறைவேறின பிறகே உங்களைத் திரும்ப வரப்பண்ணுவேன்.

அந்த 70 வருஷம் வருவது 10ஆம் வசனத்தில். அடுத்த வசனம்தான் உங்களுடையது: "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன் என்று கர்த்தர் சொல்லுகிறார், அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே."

முப்பது வயதில் சிறைப்பட்டுப்போன ஒரு கொல்லர் இந்தக் கடிதத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று வையுங்கள். கணக்குப் போட அவருக்குத் தெரியாதா? தான் எருசலேமைத் திரும்பப் பார்க்கப்போவதில்லை என்பது அந்த நிமிடமே அவருக்கு விளங்கியிருக்கும். அப்படிப்பட்டவரிடம்தான் கர்த்தர், "உன்னைப்பற்றிய என் நினைவுகள் தீமைக்கல்ல" என்கிறார். இந்த வசனத்தை முதலில் கேட்டவர்களுக்கே அது சீக்கிர விடுதலைக்கான வாக்காக இருக்கவில்லை. நீண்டுபோகும் ஒரு துன்பத்தின் நடுவில், நீங்கள் கைவிடப்படவில்லை, இது தண்டனையோடு முடிந்துவிடும் கதை அல்ல என்று கர்த்தர் கொடுத்த உறுதி அது.

அவர்கள் அதை நம்பி வாழ்ந்தார்களா? பாபிலோன் பகுதியில் கிடைத்த களிமண் பலகைகளில் கி.மு. 572 முதல் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு நீளும் பத்திரங்கள் இருக்கின்றன. அல்-யாகூது, அதாவது யூதா ஊர் என்றே பெயர் வைத்த ஒரு குடியிருப்பில் யூதர்கள் நிலம் குத்தகைக்கு எடுத்தது, கடன் வாங்கியது, விளைச்சலில் பங்கு கொடுத்தது எல்லாம் அவற்றில் பதிவாகியிருக்கிறது. கர்த்தருடைய பெயரைத் தாங்கிய பெயர்களைத் தங்கள் பிள்ளைகளுக்கு வைத்ததும் தெரிகிறது. அந்த ஜனங்கள் அன்னிய மண்ணில் பயிர் செய்தார்கள், குடும்பம் நடத்தினார்கள். யாருடைய பிள்ளைகள் என்பதையும் மறக்கவில்லை.

இரண்டு வருஷத்தில் திரும்புவார் என்று அனனியா சொன்ன யோயாக்கீன் என்ன ஆனார்? பாபிலோனில் தோண்டியெடுத்த பலகைகளில், யூதாவின் ராஜாவான அவருக்கும் அவருடைய ஐந்து குமாரருக்கும் அரண்மனையிலிருந்து எண்ணெய் அளந்து கொடுத்த கணக்கு அப்படியே இருக்கிறது. சிறையிருப்பின் 37ஆம் வருஷத்தில் அவர் சிறையிலிருந்து வெளியே வந்தார், உயிரோடிருந்த நாளெல்லாம் பாபிலோன் ராஜாவின் பந்தியில் சாப்பிட்டார் என்று இராஜாக்களின் இரண்டாம் புத்தகம் முடிகிறது. ஊர் திரும்பினதாக எங்கும் இல்லை. ஆனால் மத்தேயு முதல் அதிகாரத்தின் வம்ச வரலாற்றில் எகொனியா என்ற பெயர் நிற்கிறது, பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போன காலத்தைக் குறிப்பிட்டே. அந்த வரிசையின் கடைசியில் இருப்பவர் இயேசு. கர்த்தரின் "சமாதானத்துக்கேதுவான நினைவுகள்" எவ்வளவு தூரம் போயிருக்கின்றன என்று யோயாக்கீனுக்கே தெரிந்திருக்க வழியில்லை.

இனி உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். அந்த வசனம் உங்களுக்கானதா? ஆம் என்றுதான் சொல்வேன். "முன்பு எழுதியிருக்கிறவைகளெல்லாம் நமக்குப் போதனையாக எழுதியிருக்கிறது" என்று பவுல் ரோமர் 15:4இல் சொல்கிறார். எதற்காக? பொறுமையினாலும் ஆறுதலினாலும் நாம் நம்பிக்கையுள்ளவர்களாகும்படிக்கு. பாபிலோனில் அதைக் கேட்டவர்களுக்கு அது எந்த அர்த்தத்தைக் கொடுத்ததோ, அந்த அர்த்தத்தோடுதான் அது உங்கள் கைக்கும் வருகிறது. வேறு அர்த்தத்தோடு வராது. உங்கள் கணவரின் சிறுநீரகம் இந்த ஆண்டுக்குள் சரியாகிவிடும் என்று அந்த வசனம் சொல்லவில்லை. இதை எழுதக் கை தயங்குகிறது, ஆனால் வேறுவிதமாக எழுதினால் நானும் அனனியாவின் பக்கம் போய் நிற்பேன். நீங்கள் இருவரும் படும் இந்தப் பாடு கர்த்தர் உங்களை மறந்ததற்கோ வெறுத்ததற்கோ அடையாளம் அல்ல என்று அது சொல்கிறது. நீண்டுபோகும் நாட்களிலும் வீட்டை நடத்துங்கள், சாப்பிடுங்கள், பிறருடைய சமாதானத்துக்காகவும் ஜெபியுங்கள் என்று சொல்கிறது. 12, 13ஆம் வசனங்களையும் பாருங்கள்: நீங்கள் விண்ணப்பம் பண்ணுவீர்கள், நான் செவிகொடுப்பேன், முழு இருதயத்தோடும் தேடினால் என்னைக் கண்டுபிடிப்பீர்கள். அங்கே வாக்களிக்கப்பட்டவற்றில் பெரியது அவரே.

தாளைக் கிழிக்க வேண்டாம். 10ஆம் வசனத்தையும், 12, 13ஐயும் அதே தாளில் சேர்த்து எழுதுங்கள். சுகத்துக்காகத் தொடர்ந்து ஜெபியுங்கள், தைரியமாகக் கேளுங்கள். சுகம் தர அவரால் முடியும். ஆனால் அவர் கொடுக்காத ஒரு கெடுவை அவர் வாயில் வைத்துவிட்டு, அந்த நாள் தாண்டியதும் குற்றவாளியைப்போல் உங்களையே விசாரித்துக்கொண்டிருக்காதீர்கள்.

இப்போது அந்த "விசுவாசக் குறை" பேச்சுக்கு வருகிறேன். எனக்கு இது உண்மையாகவே வருத்தம் தரும் விஷயம், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

"உம்முடைய துவக்கம் அற்பமாயிருந்தாலும், உம்முடைய முடிவு சம்பூரணமாயிருக்கும்" என்ற வசனத்தை வாக்குத்தத்தமாக நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். யோபு 8:7. சொன்னது யார் தெரியுமா? கர்த்தர் அல்ல, யோபுவும் அல்ல. யோபுவைப் பார்க்க வந்த சிநேகிதர்களில் ஒருவனான பில்தாத். அதற்கு மூன்று வசனம் மேலே போய்ப் பாருங்கள். பெருங்காற்றில் வீடு இடிந்து விழுந்து பத்துப் பிள்ளைகளை ஒரே நாளில் பறிகொடுத்த தகப்பனிடம், உன் பிள்ளைகள் பாவம் செய்திருப்பார்கள், அதற்கான ஆக்கினைக்குத்தான் தேவன் அவர்களை ஒப்புக்கொடுத்திருப்பார் என்ற கருத்தில் பேசுகிறான். அப்புறம், நீ சுத்தமும் செம்மையுமாக இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறான். அந்தப் பேச்சின் தொடர்ச்சியாகத்தான் "முடிவு சம்பூரணமாயிருக்கும்" என்பது வருகிறது. நன்றாக இருந்தால் நன்றாக நடக்கும், உனக்கு நன்றாக நடக்கவில்லை, ஆகவே உன்னிடம் எங்கோ குறை. பில்தாத்தின் கணக்கு இவ்வளவுதான்.

இந்தக் கணக்கைப் பற்றிக் கர்த்தரின் தீர்ப்பு 42ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. சிநேகிதர்கள் மூன்று பேர்மேலும் தமக்குக் கோபம் என்றும், யோபு பேசினதுபோல் அவர்கள் தம்மைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்றும் சொல்கிறார். யோபுவின் பின்னிலைமை முன்னிலைமையைவிட ஆசீர்வாதமாக இருந்தது என்பது உண்மை. ஆனால் பில்தாத் சொன்ன காரணத்தால் அல்ல. யோபு உத்தமன் என்று கர்த்தரே முதல் அதிகாரத்தில் சாட்சி சொல்லிவிட்டார். வாசிக்கிற நமக்கு அது தொடக்கத்திலிருந்தே தெரியும், பில்தாத்துக்குத்தான் தெரியாது. ஒரு வரி வேதத்தில் இருக்கிறது என்பதாலேயே அது கர்த்தரின் வாக்குத்தத்தம் ஆகிவிடாது. யார் பேசுகிறார் என்று பார்த்தே ஆக வேண்டும்.

உங்கள் ஜெபக்குழு சகோதரி யோவான் 14:13ஐயும் காட்டியிருப்பார் என்று நினைக்கிறேன்: "நீங்கள் என் நாமத்தினாலே எதைக் கேட்பீர்களோ... அதைச் செய்வேன்." இயேசு இதைச் சொன்னது தாம் பிடிக்கப்படும் இரவில். அதே இரவில்தான் கெத்செமனேயில் முகங்குப்புற விழுந்து, இந்தப் பாத்திரம் நீங்கும்படி செய்யும் என்று மூன்று முறை ஜெபித்தார். பாத்திரம் நீங்கவில்லை. அவருடைய விசுவாசம் குறைவு என்று யாராவது சொல்வோமா? "ஆகிலும் என் சித்தத்தின்படியல்ல" என்று அவர் சேர்த்துச் சொன்னதையும் வைத்துப் பார்த்தால், அவருடைய நாமத்தில் கேட்பது என்றால் என்ன என்பதை அவரே அந்த இரவில் வாழ்ந்து காட்டியிருக்கிறார்.

பவுலின் கையால் எத்தனையோ பேர் சுகமானார்கள். ஆனால் அவருடைய கடைசி நிருபத்தின் கடைசிப் பகுதியில், சாதாரணச் செய்தி சொல்வதுபோல் ஒரு வரி வருகிறது: துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன். அவ்வளவுதான், காரணம் எதுவும் சொல்லவில்லை. துரோப்பீமுவின் விசுவாசத்தைப் பற்றி ஒரு குறையும் இல்லை. இன்னொரு பக்கம், யோவான் 5இல் 38 வருஷம் வியாதியாகக் கிடந்து சுகமான மனிதனைப் பாருங்கள். தன்னைச் சுகமாக்கியவர் யார் என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை என்று 13ஆம் வசனம் சொல்கிறது. நோயாளியின் வீட்டில் உட்கார்ந்து விசுவாசத்துக்கு மதிப்பெண் போடுகிறவர்கள் இந்த இரண்டு பேரையும் எங்கே வைப்பார்கள்?

அப்படியானால் ஒரு வசனத்தின் அர்த்தத்தைச் சாதாரண வாசகர் எப்படித் தெரிந்துகொள்வது? மேலே நாம் செய்ததுதான் வழி. வசனத்துக்கு முன்னும் பின்னும் வாசிக்க வேண்டும், முடிந்தால் அதிகாரத்தைத் தாண்டியும். ஒன்றை நினைவில் வையுங்கள்: அதிகார எண்களும் வசன எண்களும் ஏசாயாவோ பவுலோ போட்டவை அல்ல. இன்று நாம் பயன்படுத்தும் அதிகாரப் பிரிவுகள் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்டீபன் லாங்டன் என்பவரோடு சேர்த்துச் சொல்லப்படுகின்றன. புதிய ஏற்பாட்டின் வசன எண்களை ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சாளர் 1551இல் வெளியிட்ட கிரேக்கப் பதிப்பில் போட்டார். தேடி எடுக்க மிகவும் உதவியான ஏற்பாடு, ஆனால் சில இடங்களில் பேச்சின் நடுவிலேயே கோடு விழுந்திருக்கிறது. பாடுபடும் தாசனைப் பற்றிய ஏசாயாவின் பாடலை எல்லாரும் 53ஆம் அதிகாரம் என்கிறோம். உண்மையில் அது 52:13இலேயே, அவர் உயர்த்தப்படுவார் என்ற வார்த்தைகளோடு தொடங்கிவிடுகிறது. எண் இல்லாத ஒரு பழைய சுருளை வாசித்தவர்கள் பாடலை அங்கே வெட்டியிருக்க மாட்டார்கள். நீங்கள் வாசிக்கும்போது ஒரு வசனம் "ஆகையால்" என்றோ "ஆனபடியினாலே" என்றோ தொடங்கினால், அது எதன் தொடர்ச்சி என்று மேலே போய்ப் பார்க்காமல் நகராதீர்கள்.

வாசிப்பது என்ன வகை எழுத்து என்பதும் முக்கியம். நீதிமொழிகள் 26:4, மூடனுக்கு அவன் மதியீனத்தின்படி பதில் சொல்லாதே என்கிறது. அடுத்த வசனமே பதில் சொல் என்கிறது. முரண்பாடு இல்லை. நீதிமொழி என்பது எந்தச் சமயத்தில் எது பொருந்தும் என்று யோசிக்கப் பழக்கும் எழுத்து. அதை எடுத்து எல்லாருக்கும் எப்போதும் நிறைவேறும் உறுதிமொழியாகப் பிடித்துக்கொண்டால் மனம் உடையும், முக்கியமாகப் பிள்ளை வளர்ப்பைப் பற்றிய நீதிமொழிகளில். சங்கீதம் ஜெபமும் பாட்டுமானது. அழுகையும் முறையிடுதலும் அங்கே தாராளமாக உண்டு. 88ஆம் சங்கீதம் முறையீட்டில் தொடங்கி முறையீட்டிலேயே முடிகிறது, கடைசியில்கூட ஒரு துதி வரி இல்லை. அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்களே. துதிக்க வராத இரவில் அதையே உங்கள் ஜெபமாக வாசிக்கலாம்.

ஒரு வசனத்தை இன்னொரு வசனத்தோடு வைத்துப் பார்ப்பதும் வேண்டும். 91ஆம் சங்கீதத்தை இயேசுவிடம் மேற்கோள் காட்டியது சாத்தான் என்பது உங்களுக்குத் தெரியும். ஆலயத்து உப்பரிகையில் நிறுத்தி, தூதர்கள் உம்மைத் தாங்குவார்கள் என்று எழுதியிருக்கிறதே, குதியும் என்றான். இயேசு அந்தச் சங்கீதம் பொய் என்று சொல்லவில்லை. உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக என்றும் எழுதியிருக்கிறதே என்று உபாகமத்திலிருந்து பதில் சொன்னார். பாதுகாப்பு உண்டு என்று சொல்லும் சங்கீதத்தை, மருந்தை நிறுத்து, சோதித்துப் பார் என்று பயன்படுத்துகிறவர்களுக்கும் அந்தப் பதில் பொருந்தும்.

பிரசங்கிகள் ஆளுக்கொரு அர்த்தம் சொன்னால் என்ன செய்வது? பெரோயா பட்டணத்தார் பவுல் சொன்னதையே அப்படியே எடுத்துக்கொள்ளாமல், காரியங்கள் இப்படியிருக்கிறதா என்று தினந்தோறும் வேதவாக்கியங்களை ஆராய்ந்து பார்த்தார்கள். அதற்காக அப்போஸ்தலர் 17 அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை, நற்குணசாலிகள் என்று பாராட்டுகிறது. நீங்களும் அந்த இடத்தைத் திறந்து, யார் பேசுகிறார், யாரிடம், எதற்குப் பதிலாக என்று பாருங்கள். மூன்றுக்கும் பதில் அந்தப் பக்கங்களிலேயே பெரும்பாலும் கிடைத்துவிடும். கிடைக்காத இடத்தில் ஒரு பென்சில் குறி போட்டுவிட்டு மேலே போங்கள். பவுலின் நிருபங்களில் அறிகிறதற்கு அரிதானவை சில உண்டு என்று பேதுருவே எழுதியிருக்கிறார்.

ஜெபக்குழுவை விட்டு விலகுங்கள் என்று நான் சொல்லவில்லை. அந்தச் சகோதரி உங்கள்மேல் அன்பில்லாமல் பேசுகிறார் என்றும் நினைக்கவில்லை. யோபுவின் சிநேகிதர்களும் அன்போடுதான் வந்தார்கள். ஏழு நாள் அவரோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். "அக்கா, எங்களுக்காக ஜெபம் பண்ணுங்கள், காரணம் மட்டும் சொல்ல வேண்டாம்" என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். பேச்சு தொடர்ந்தால், கணவர் காதில் விழாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். தன் நோய்க்கு மனைவியின் விசுவாசக் குறைதான் காரணம் என்ற பேச்சை அவர் கேட்க வேண்டியதில்லை.

உங்கள் அக்கா மகனை ஒருநாள் வரச் சொல்லுங்கள். அப்போஸ்தலர் 8இல் எத்தியோப்பிய மந்திரி இரதத்தில் உட்கார்ந்து ஏசாயாவை வாசித்துக்கொண்டிருந்தபோது, தீர்க்கதரிசி யாரைக்குறித்து இதைச் சொல்லுகிறார், தம்மைக்குறித்தோ வேறொருவரைக்குறித்தோ என்று கேட்டார். உங்கள் அக்கா மகனுக்கு இருக்கும் அதே கேள்வி, மிக நல்ல கேள்வி. பிலிப்பு அதற்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டு இறங்கிப் போகவில்லை. இரதத்தில் ஏறி, பக்கத்தில் உட்கார்ந்து, அந்த வாக்கியத்திலிருந்து தொடங்கி இயேசுவைக்குறித்துப் பிரசங்கித்தார். தம்பியும் அப்படியே உட்காரட்டும். டயாலிசிஸ் இல்லாத ஒரு நாளில், கணவருக்கு உடம்பில் கொஞ்சம் தெம்பு இருக்கும் நேரமாகப் பார்த்து, எரேமியா 27 முதல் 29 வரை மூன்று பேருமாக மாற்றி மாற்றிச் சத்தமாக வாசியுங்கள். ஒரு மணி நேரம்கூட ஆகாது. வாசித்து முடித்ததும், அந்தக் கடிதத்தைக் கேட்டவர்களில் யார் அவருக்கு நெருக்கமாகத் தோன்றுகிறார் என்று உங்கள் கணவரிடம் கேளுங்கள். முதலில் அவர் பேசட்டும். தம்பிக்கு அதன் பிறகு சொல்ல நிறைய இருக்கும்.